பொருந்தாத தாத்தா

தி. நகர்,
8.7.2024

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் நலமென்று நம்புகிறேன். போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உங்கள் குரலைக் கேட்டதும் நான் சொல்ல வந்ததில் பாதி மறந்துவிடுகிறது. மீதிப் பாதியை நீங்களே சொல்லி முடித்துவிடுகிறீர்கள். அதனால் கடிதம். எழுத வந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஏழாம் வகுப்பு உயிரியலில் நம் பேத்தி டயானாவுக்கு இந்த ஆண்டு என்னென்ன வரும்.
2. அதில் எந்தப் பாடம் கவலை தருகிறது.
3. காது, கட்டைவிரல், நாக்கு பற்றிய விவரம்.
4. ஆகஸ்ட் பத்தாம் தேதி நாம் செய்ய வேண்டியது.
5. எனக்கு உங்கள்மேல் உள்ள ஒரு சிறு வருத்தம்.

முதலாவது. வெங்காயத் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் சுரண்டி அதையும் பார்ப்பார்கள். செம்பருத்தியை நெடுக்காக அறுப்பார்கள். குளத்து நீரில் நெளிகிறவற்றை வரைவார்கள். வயதுக்கு வருவது பற்றிய பாடம் ஒன்று உண்டு. அதன்போது வகுப்பில் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவற்றில் ஒன்றும் பயமில்லை. இதே பாடங்களை மயிலாப்பூரில் நானே எடுத்திருக்கிறேன்.

இரண்டாவது. உங்கள் மருமகள் மேகலா நேற்று பள்ளியின் சுற்றறிக்கையைக் காட்டினாள். இனாயத் என்று புதிதாக வந்திருக்கும் ஆசிரியர் மரபுப் பண்புகள் பாடத்தை வேறு விதமாக நடத்தப் போகிறாராம். ஆகஸ்ட் பத்தாம் தேதி, சனிக்கிழமையன்று, அதற்கென்று சிறப்பு வகுப்பாம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்துவர வேண்டும். இருவரையும் முன்னால் நிறுத்தி, எது எது ஒத்திருக்கிறது என்று மற்ற பிள்ளைகள் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் குழந்தை தத்துக் குழந்தை என்பது நம் இரண்டு வீட்டுக்கும் தெரியும், அவளுக்கும் விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. முப்பது பிள்ளைகள் முன்னால் அவள் நின்று, ஒன்றும் பொருந்தாமல் போய், யாராவது ஏதாவது கேட்டுவிட்டால்? எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை.

மூன்றாவது. வழக்கமாகப் பார்க்கப்படுபவை: காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா, கட்டைவிரல் பின்னால் வளைகிறதா, நாக்கைக் குழாய்போலச் சுருட்ட வருகிறதா. இவை பிறவியிலேயே அமைபவை. நாக்குச் சுருட்டுவது முக்கியமாக. வருகிறவர்களுக்கு வரும், வராதவர்களுக்கு எத்தனை முயன்றாலும் வராது, பார்த்துப் பழகிக்கொள்ளக்கூடியதும் அல்ல. டயானாவுக்கு வரும், கவனித்திருப்பீர்கள். எனக்கும் வரும்.

நான்காவது. அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். மேகலாவும் மாப்பிள்ளையும் "அவளே முடிவு பண்ணட்டும்" என்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

ஐந்தாவதை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். எழுதிப் பார்த்தேன், சின்னத்தனமாகத் தெரிந்தது.

தங்கள் அன்புள்ள,
ச. சண்முகவேல்


கொட்டிவாக்கம்,
13.7.2024

சம்பந்தி வாத்தியாருக்கு லூர்துசாமியின் அன்பு வணக்கம்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் போடுகிற சம்பந்தி எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறார். தபால்காரர், "இன்னா நைனா, கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டுவிட்டுப் போனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவனுக்குப் பேனா பிடிக்க வராது. இருந்தாலும் நீங்கள் எழுதினால் நானும் எழுதுவதுதானே மரியாதை.

முதலில் ஐந்தாவது என்ன என்று சொல்லுங்கள். கடிதத்தை ரோஸ்மேரிக்குப் படித்துக் காட்டினேன். அதிலிருந்து அவளுக்கு அடுப்படியில் வேலை ஓடவில்லை. "ஒருவேள போன மாசம் நண்டு குடுத்து அனுப்பிச்சோமே, அது கெட்டுப்போயிருந்துச்சோ" என்கிறாள். நண்டுதானா?

காய்ச்சல் விஷயம். டயானாவுக்குக் காய்ச்சல் என்று நான் எப்படிச் சொல்வேன்? இன்று காலையில் வந்ததிலிருந்து அலையில் நிற்கிறாள், கூப்பிட்டால் வருவதில்லை. பொய் சொல்கிற வயதைத் தாண்டிவிட்டோம் சம்பந்தி. அதுவும் அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றியே சொல்கிற பொய்.

இன்னொன்று. இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் வேறு யார் மூலமாவது உங்களுக்குத் தெரியக் கூடாது. அந்த வகுப்புக்கு வரச்சொல்லி டயானா என்னைக் கேட்டுவிட்டாள். உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டாள். மீன் குழம்பில் கை வைத்துக்கொண்டிருந்தேன். "தாத்தா, ஆகஸ்ட் பத்து ஃப்ரீயா?" என்றாள். "நமக்கு இன்னா கலெக்டர் ஆபீஸா கீது? எப்பவும் ஃப்ரீதான்" என்று சொல்லிவிட்டேன். எதற்கென்று பிறகுதான் சொன்னாள்.

எனக்கு உயிரியல் ஒன்றும் தெரியாது. காது மடல் ஒட்டியிருப்பதும் தொங்குவதும் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு ஒட்டியிருக்கிறது. அவளுக்குத் தொங்குகிறது.

ரோஸ்மேரி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். ஐந்தாவதை மறக்க வேண்டாம்.

அன்புடன்,
லூர்துசாமி


தி. நகர்,
18.7.2024

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நண்டு நன்றாக இருந்தது. அதை நான் சாப்பிடுவதில்லை என்பதால் மேகலா சொன்னதைத்தான் சொல்கிறேன். சம்பந்தி அம்மா கவலைப்பட வேண்டாம்.

ஐந்தாவதை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் அதைவிடப் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்வீர்கள்.

பள்ளி திறந்ததிலிருந்து ஒவ்வொரு வாரமும் குழந்தை உங்கள் வீட்டுக்குத்தான் போகிறாள். சனிக்கிழமை காலையில் போனால் ஞாயிறு இரவு திரும்புகிறாள். அதை நான் தவறென்று சொல்லவில்லை. உங்களுக்குக் கடல் இருக்கிறது. எனக்கு இரண்டாவது மாடியில் ஒரு பால்கனி இருக்கிறது. போன மாதம் அவளுக்காக ஒரு நுண்ணோக்கி வாங்கினேன். மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பேருந்தில் போய் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துவந்தேன். படியில் இறங்கும்போது பூக்காரி ஒருத்தி, "பெருசு, காசியில இருந்து வூட்டுக்குத் தீர்த்தம் கொண்டாந்த மாதிரி தூக்கிட்டுப் போறியே" என்றாள். டயானா அன்றைக்கு வரவில்லை. கொட்டிவாக்கத்தில் பேத்தை மீன் ஒதுங்கியிருக்கிறது, பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். பாட்டில் ஜன்னலில் இருந்தபடியே பச்சையாகிவிட்டது. அதை நான் மட்டும் பார்த்தேன். நிறைய நெளிந்தன.

அவள் சிரிக்கும்போது இப்போதெல்லாம் உங்களைப்போல வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். "இன்னா தாத்தா" என்கிறாள். அவளுடைய இரண்டாவது பெயர் என் மனைவியின் பெயர், முத்துலட்சுமி. நான் முத்து என்று கூப்பிட்டால் "யாரு, நானா?" என்று கேட்கிறாள். கல்யாண வீடுகளில் அவளைப் பார்க்கிறவர்கள் "அப்படியே லூர்து தாத்தா" என்கிறார்கள். ரத்தத்தில் அவள் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அந்த ஒரு விஷயத்திலாவது நாம் இருவரும் சமம் என்று நினைத்திருந்தேன். அதிலும் நீங்கள் முந்திவிட்டீர்கள்.

இதற்குப் பெயர் பொறாமை என்று எனக்குத் தெரியும். தெரிந்தவுடன் அது போய்விடுவதில்லை.

இனி, வகுப்பு பற்றி. உணர்ச்சியை விட்டுவிட்டு முறையாக யோசித்தேன். அவளுக்குக் காது மடல் தொங்குகிறது, எனக்கும் அப்படியே. அவள் கட்டைவிரல் நேராக நிற்கிறது, எனக்கும் அப்படியே. நாக்கைப் பற்றி முன்பே சொன்னேன். தற்செயலாகத்தான், ஆனாலும் மூன்றும் பொருந்துகின்றன. நான் போய் நின்றால் வகுப்பில் ஒருவருக்கும் எந்தக் கேள்வியும் வராது. "தாத்தா மாதிரியே" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்கள். குழந்தை பத்திரமாக இருக்கையில் போய் உட்கார்ந்துவிடுவாள். நீங்கள் போனால் ஒன்றும் பொருந்தாது.

ஆகவே, தங்களுக்கு அன்றைக்கு முழங்கால் வலி என்று அவளிடம் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும். முழங்கால் வலி உங்களுக்கு உண்மையாகவே இருப்பதால் அது முழுப் பொய்யாகாது.

குழந்தையின் நன்மைக்காகத்தான் கேட்கிறேன். முழுக்க அதற்காக மட்டும் அல்ல என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தங்கள்,
ச. சண்முகவேல்


கொட்டிவாக்கம்,
24.7.2024

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எழுந்து கடற்கரைக்குப் போய் ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். முழங்கால் வலித்தது. அந்த விஷயத்தில் நீங்கள் எழுதியது சரிதான்.

ரோஸ்மேரியிடம் சொன்னேன். "அவரு இன்னா பண்ணுவாரு பாவம், சம்சாரமும் இல்ல, தனியா கெடக்குறாரு, உட்டுக் குடேன்யா" என்றாள். சரி, விட்டுக்கொடுத்துவிடலாம் என்றுதான் தீர்மானித்தேன். ஆனால் முழங்கால் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேராகவே கேட்டேன்.

"கண்ணு, அந்தக் கிளாஸுக்கு நான் வரத விட வாத்தியார் தாத்தா வந்தா நல்லாருக்கும்ல? அவருக்கு அதெல்லாம் அத்துப்படி."

"வேணாம்" என்றாள்.

"ஏன்மா? அவருக்கு உன்ன மாதிரியே நாக்கெல்லாம் சுருளும். மேட்ச் ஆவும்."

"அதனாலதான் வேணாங்கறேன். அவர் வந்தா எல்லாம் மேட்ச் ஆயிடும் தாத்தா. எல்லாரும் 'ஓ, அப்படியே தாத்தா மாதிரி'ன்னு சொல்லிட்டு விட்டுடுவாங்க. அப்புறம் நான் எப்படிச் சொல்றது? உங்களுக்கு ஒண்ணுகூட மேட்ச் ஆகாது. நான் வீட்ல எல்லாரையும் செக் பண்ணிட்டேன். நீங்கதான் ஜீரோ."

நீங்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறீர்கள். அவள் என்னைத் தேர்ந்தெடுத்தது பாசத்தால் என்று நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜீரோ வாங்கியதால் கிடைத்த வேலை இது. நான் சிரித்துவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான்.

பிறகு பயமாகவும் இருந்தது. "வகுப்புல சொல்லப் போறியா?" என்று கேட்டேன். "ஆமா. நானே சொன்னா அது நான் சொன்னது. வேற யாராச்சும் கண்டுபிடிச்சா அது சீக்ரெட் ஆயிடும்" என்றாள்.

நீங்களும் வாருங்கள். பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம், பெரியவர்கள் இன்னும் சிலரும் வருவார்களாம்.

லூர்துசாமி


தி. நகர்,
29.7.2024

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. விவரம் புரிந்தது. குழந்தையின் விருப்பமே முக்கியம்.

அழைப்புக்கு நன்றி. ஆகஸ்ட் பத்தாம் தேதி எனக்கு வங்கியில் ஒரு வேலை இருப்பதால் வர இயலாது.

தங்களுக்கு உதவியாகச் சில குறிப்புகள். அரைக்கை வெள்ளைச் சட்டை போதும். காது மடலைக் காட்டச் சொன்னால் தலையைச் சாய்த்தால் போதும், கையால் இழுக்க வேண்டாம். நாக்கைச் சுருட்டச் சொல்லி வராதபோது பிள்ளைகள் சிரிப்பார்கள். எப்போதுமே அந்த இடத்தில் சிரிப்பார்கள், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவள் பேசுகிறபோது இடையில் உதவி செய்யாதீர்கள். அது தங்களுக்குக் கஷ்டம் என்று அறிவேன்.

அவளைப் பேருந்தில் அழைத்துப் போக வேண்டாம். ஆட்டோவில் போங்கள்.

தங்கள்,
ச. சண்முகவேல்


கொட்டிவாக்கம்,
11.8.2024

அன்புள்ள வாத்தியார் சம்பந்திக்கு,

ரெண்டாவது சனிக்கிழமை எந்த வங்கி திறந்திருக்கிறது? அடுத்த தடவை வேறு காரணம் சொல்லுங்கள்.

வகுப்பு முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீங்கள் அதைத்தான் விரும்புவீர்கள்.

ஆட்டோவில்தான் போனோம். வகுப்பில் முதலில் ஹரி என்று ஒரு பையன், அவன் சித்தப்பாவோடு நின்றான். காது, கட்டைவிரல், நாக்கு எல்லாம் ஒரே அச்சு. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து நாங்கள்.

நீங்கள் சொன்னபடி தலையைச் சாய்த்தேன். "மேட்ச் இல்ல சார்!" என்று கத்தினார்கள். கட்டைவிரலைக் காட்டினேன். எனக்குப் பின்னால் வளைகிறது. "மேட்ச் இல்ல சார்!" நாக்கு. அவள் அழகாகச் சுருட்டினாள். நான் நீட்டினேன், அது தோசைக் கரண்டிபோல நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் முன்கூட்டியே சொன்னதால் தாங்கிக்கொண்டேன். ஒரு பையன் எழுந்து, "சார், இவ தாத்தாவ வாடகைக்குக் கூட்டிட்டு வந்துட்டா!" என்றான்.

சம்பந்தி, அந்த நேரம் நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். "அவள் பேசுகிறபோது உதவி செய்யாதீர்கள்" என்று நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

டயானா சொன்னாள்: "வாடகை இல்லடா, நிரந்தரம். என்னைத் தத்தெடுத்துக்கிட்டாங்க. ஒன்பது மாசக் குழந்தையா இருக்கும்போது. அதனால இவருக்கும் எனக்கும் ஒண்ணும் ஒத்துவராது. அதைக் காட்டத்தான் இவரைக் கூட்டிட்டு வந்தேன்."

என் கையைப் பிடித்திருந்தாள். இனாயத் சார், யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அப்போ நாக்கு சுருட்டறது யார்கிட்டேர்ந்து வந்துச்சு?"

"பெத்தவங்க யார்கிட்டேர்ந்தாவது வந்திருக்கும். தெரியாது."

"உங்க வீட்ல யாருக்குமே வராதா?"

"தி. நகர் தாத்தாவுக்கு வரும். ஆனா அது தற்செயல்."

அவ்வளவுதான். அந்த வாடகைப் பையன் இடைவேளையில் வந்து, "சாரிடி, உங்க தாத்தா செம காமெடி" என்றான். திரும்பும்போது ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

தற்செயல் என்று அவள் சொன்னதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நடந்தபடி எழுதுவதாகச் சொன்னதால் எழுதிவிட்டேன். உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். அதனால் என் ஐந்தாவதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் வந்த புதிதில் என்னைக் கண்டாலே அழுவாள், என் குரலுக்குப் பயம். ஸ்பூனைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்வாள். நீங்கள் எதிரில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் நாக்கைச் சுருட்டிக் காட்டுவீர்கள். உடனே அழுகை நின்று, உங்கள் வாயையே பார்ப்பாள். அவளும் நாக்கை நீட்டுவாள். அந்த நேரம் பார்த்து மேகலா ஊட்டிவிடுவாள். மாதக்கணக்கில் இப்படித்தான் சாப்பிட்டாள். நான் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் எத்தனையோ நாள் முயன்றேன், எனக்கு வரவே இல்லை. "இந்த வயசுல இன்னாய்யா கண்ணாடியப் பாத்து நாக்கத் துருத்திக்கினு கீற?" என்று ரோஸ்மேரி திட்டுவாள். எனக்கு அப்போது உங்கள்மேல் இருந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த நுண்ணோக்கியை யாருக்கும் கொடுத்துவிடவில்லையே?

அன்புடன்,
லூர்துசாமி


தி. நகர்,
17.8.2024

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். வகுப்பில் வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு நன்றி. நானாக இருந்தால் பேசியிருப்பேன், பேசிக் கெடுத்திருப்பேன். நான்காவதாக நான் யோசனை சொன்னபடி அவளுக்குக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கூசுகிறது.

அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்ற இடத்தில் எனக்கு மறுபடியும் அந்தப் பொறாமை வந்தது. தோளில் தூங்கினாள் என்ற இடத்திலும். சொல்லிவிடுவது நல்லது என்பதால் சொல்கிறேன்.

தற்செயல் என்ற சொல் வலிக்கத்தான் செய்தது. என் கடிதத்திலும் அதே சொல்லைத்தான் நானே எழுதியிருந்தேன். நான் எழுதும்போது வலிக்கவில்லை.

குழந்தையாக இருந்தபோது ஊட்டியதை நான் மறந்தே போயிருந்தேன். நீங்கள் எழுதியதும் ஞாபகம் வந்தது. அதோடு ஒரு சந்தேகமும் வந்தது. அடுத்த நாளே தேவநேயப் பாவாணர் நூலகத்துக்குப் போய் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மேகலாவின் கணினியிலும் பார்க்கச் சொன்னேன். ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நாக்குச் சுருள, மற்றவருக்குச் சுருளாமல் இருப்பதும் உண்டாம். சிறு வயதில் வராத பிள்ளைகளில் சிலருக்கு வளர வளர வருகிறதாம். முயன்று பழகியவர்களும் இருக்கிறார்களாம். அதாவது பிறவியிலேயே முடிவாகிவிடுகிற காரியம் இல்லை. உங்களைப்போல எவ்வளவு முயன்றாலும் வராதவர்களும் உண்டு. அது வேறு.

ஒன்பது மாதக் குழந்தை, மாதக்கணக்கில், நாளுக்கு மூன்று வேளை, என் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தானும் நீட்டிப் பார்த்திருக்கிறாள். பெற்றவர்களிடமிருந்து வந்திருக்கலாம், இல்லையென்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. என்னிடமிருந்து வந்திருக்கலாம், அதையும் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. சிரிப்பு உங்களிடமிருந்து வந்ததுபோல.

நுண்ணோக்கி இங்கேதான் இருக்கிறது. புதுத் தண்ணீர் எடுத்துவந்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை அவளை இங்கே அனுப்பும்படி மேகலாவிடம் நானே கேட்டுவிட்டேன். அவள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். சம்பந்தி அம்மா வருத்தப்பட வேண்டாம். ஞாயிறு மத்தியானம் அங்கே வந்துவிடுவாள்.

முதல் கடிதத்தில் மூன்றாவதாக நான் எழுதியது தவறு. நாக்குச் சுருட்டுவதைப் பார்த்துப் பழகிக்கொள்ள முடியாது என்று எழுதியிருந்தேன், முடியும் போலிருக்கிறது. இதை டயானாவிடம் நான் சொல்கிறேன். தயவுசெய்து நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
ச. சண்முகவேல்